மேற்பிரிவுக்கு ஏறும் அணி

விளையாட்டு அணியொன்று தான் ஆடிவரும் பிரிவிலிருந்து அதற்கு மேலுள்ள பிரிவுக்குப் போவது இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று, களத்தில் வென்று ஏறுவது. பருவத்தின் முடிவில் புள்ளிப் பட்டியலின் உச்சியில் நிற்கும் அணி மேலே போகும். மேற்பிரிவில் கடைசியாக வந்த அணி கீழே வரும். ஐரோப்பிய உதைபந்தாட்டம் பெரும்பாலும் இந்த முறையில்தான் இயங்குகிறது. மற்றது, முடிவெடுத்து ஏறுவது. இதில் வெற்றி மட்டும் போதாது. அணியை நடத்தும் நிறுவனம் பணம், மைதானம், ஆள்பலம் ஆகியவற்றைக் கணக்கிட்டு விண்ணப்பிக்க வேண்டும். மேலே இருப்பவர்களும் வரச் சொல்லி அழைக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்திய உதைபந்தாட்டத்திலும் இவ்வழி இருந்தது.

இலங்கையின் பாடசாலை விளையாட்டில் பழகியவர்களுக்கு இன்னொரு ஏணி தெரியும். வலயப் போட்டியில் வென்ற அணி மாகாணத்துக்கும், அங்கிருந்து அகில இலங்கைப் போட்டிக்கும் போகும். ஆனால் ஆண்டு முடிந்ததும் எல்லா அணிகளும் மறுபடியும் அடிப்படியிலிருந்தே தொடங்குகின்றன. லீக்கில் பிரிவு உயர்வது அப்படியல்ல. மேலே போன அணி அடுத்த ஆண்டு முழுவதும் மேலே இருப்பவர்களுடனேயே ஆட வேண்டும். பயணம், பயிற்சி, சம்பளம், மைதானம் எல்லாமே அந்த உயரத்துக்கு மாறியாக வேண்டும். கோப்பை வெல்வதற்கும் பிரிவு உயர்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பல கழகங்கள் ஏறிய பிறகே உணர்கின்றன.

அமெரிக்கக் கால்பந்து முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். கண்டியிலும் மாத்தளையிலும் றக்பி பார்த்தவர்களுக்கு அதன் உறவு உடனே புரியும். அங்கே இந்த ஆட்டத்தில் தொழில்முறைக் கழகங்களுக்கு இணையான இடம் பல்கலைக்கழக அணிகளுக்கு உண்டு. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973இல் உறுப்பு நிறுவனங்களை மூன்று பிரிவுகளாக வகுத்தது. 1978இல் முதலாம் பிரிவின் கால்பந்து மட்டும் மீண்டும் இரண்டாகப் பிரிந்தது. மேலே உள்ளவர்கள் பருவ முடிவில் ‘பௌல்’ என்ற பெயரில் நடக்கும் பெரும் போட்டிகளுக்குப் போகிறார்கள். கீழே உள்ளவர்களுக்குத் தனியாகச் சம்பியன்ஷிப் தொடர் உண்டு. கீழே வென்றால் தானாக மேலே போகலாம் என்ற விதி இல்லை. ஓர் அணி பத்துத் தடவை சம்பியனாகியும் அங்கேயே நிற்கலாம். வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல் 2024 வரையான பருவங்களில் சரியாகப் பத்துப் பட்டங்களைக் கீழ்ப்பிரிவில் வென்றது.

மேலே போக விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு முதலில் வேண்டியது அழைப்பு. மேற்பிரிவு அணிகள் ‘கொன்பரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. அவற்றில் ஒன்று இடம் தந்தால்தான் விண்ணப்பமே செல்லும். விண்ணப்பக் கட்டணம் முன்னர் 5,000 டொலர். 2023இல் அது 5 மில்லியன் டொலராக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் எல்லா விளையாட்டுகளிலுமாகக் குறைந்தது 210 புலமைப்பரிசில்கள், அவற்றுக்காகக் குறைந்தது 6 மில்லியன் டொலர் செலவு என்ற நிபந்தனையும் அப்போது விதிக்கப்பட்டது. கால்பந்தில் கீழ்ப்பிரிவு அணி 63 புலமைப்பரிசில்கள் வரை வழங்கலாம், மேற்பிரிவு அணி 85 வரை வழங்கலாம் என்பதே 2025 வரை நீண்டகால வரம்பாக இருந்தது. இருபத்திரண்டு மாணவர்களின் படிப்பு, உணவு, தங்குமிடம் மட்டுமே கூடுவதாக இது தோன்றும். ஆனால் பெண்களின் விளையாட்டுக்கும் சமவாய்ப்புத் தரவேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். எனவே ஆண்கள் அணியில் கூடும் செலவு பெண்கள் அணிகளிலும் கூட வேண்டியிருக்கும். அது நியாயமானதும்கூட.

வட கரோலினா மாநிலத்தின் மலைநகரமான பூன், ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 20,000க்கும் குறைந்த மக்கள் வாழும் ஊர். அங்குள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகம் 2005, 2006, 2007 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கீழ்ப்பிரிவுச் சம்பியன். 2007 செப்டெம்பர் 1ஆம் திகதி இந்த அணி நாட்டின் ஐந்தாம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போனது. இப்படிப்பட்ட போட்டிகளைப் பெரிய அணிகள் எளிய வெற்றிக்காகப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்வது வழக்கம். அன்று விருந்தாளி அணிக்குக் கிடைத்தது 400,000 டொலர். 109,000க்கும் அதிகமானோர் பார்த்திருக்க, அப்பலாச்சியன் 34–32 என்று வென்றது. மிச்சிகனின் கடைசி உதை கடைசி விநாடிகளில் தடுக்கப்பட்டது.

அந்த வெற்றிக்கு மறுநாளே மேலே போக வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கலாம். ஆனால் அப்பலாச்சியன் மேற்பிரிவுக்குப் போனது ஏழு ஆண்டுகள் கழித்து, 2014இல். இடைப்பட்ட காலம் வீணாகப் போனதல்ல. மைதானமும் பயிற்சிக் கட்டடங்களும் விரிந்து, கூட்டமைப்பின் அழைப்பும் வந்த பிறகே அணி நகர்ந்தது. பலன் விரைவில் தெரிந்தது. 2015 முதல் 2020 வரை ஆறு பருவங்களில் ஆறு பௌல் போட்டிகளையும் அது வென்றது. புகழ் உச்சத்தில் இருக்கும்போது அவசரப்படாமல் இருந்தது இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய செய்தி.

வேர்ஜினியாவின் ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகம் 2022இல் ஏறியது. அதன் அனுபவம் வேறு. புதிதாக ஏறியவர்களுக்கு மாறுகாலம் ஒன்று உண்டு. அது முடியும்வரை வழக்கமான முறையில் பௌல் போட்டிக்குத் தகுதி கிடைப்பதில்லை. ஜேம்ஸ் மடிசன் 2023இல் 12 போட்டிகளில் 11ஐ வென்றும் தகுதி மறுக்கப்பட்டது. தகுதி பெற்ற அணிகளின் எண்ணிக்கை போதாமல் போனதால் மட்டுமே கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. அந்தப் பருவம் முடியும் முன்பே பயிற்றுவிப்பாளர் கேர்ட் சிக்னெட்டியைப் பெரிய பல்கலைக்கழகமான இந்தியானா அழைத்துக்கொண்டது. அவருக்குப் பின்னால் பல வீரர்களும் போனார்கள். மேலே ஏறிய அணி எல்லோர் கண்ணிலும் படுகிறது. கண்ணில் பட்டவர்களைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இருந்தும் ஜேம்ஸ் மடிசன் தாக்குப்பிடித்தது. ஆள் மாறினாலும் நிலைகுலையாத நிருவாகம் அங்கே இருந்தது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில்தான் இந்த ஏற்றங்களின் சங்கடம் இருக்கிறது. பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் உச்சத்திலுள்ள சில கூட்டமைப்புகளுக்கே போகின்றன. புதிதாக ஏறுகிறவர்கள் சேரும் கூட்டமைப்புகளுக்கு அதில் சிறு பங்குதான். மீதியைப் பழைய மாணவர்களின் நன்கொடையும், படிக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் கட்டும் விளையாட்டுக் கட்டணமும் நிரப்புகின்றன. ஒரு போட்டியைக்கூடப் பார்க்காத மாணவியும் அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறாள். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதலாண்டு வரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். உழைக்கும் வீரருக்குப் பங்கு கிடைப்பது தாமதமாக வந்த நீதி. அதே வேளை, மேலே ஏற நினைக்கும் சிறிய பல்கலைக்கழகத்துக்குப் படியின் உயரம் இன்னும் கூடிவிட்டது. அப்படியும் டெலவெயார், மிசூரி மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டும் 2025இல் ஏறின.

தமிழர்களுக்கு அருகிலுள்ள கதை சென்னை சிற்றி கழகத்தினுடையது. இந்தியாவில் தேசிய உதைபந்தாட்ட லீக் 1996இல் தொடங்கியது. 2007இல் அது ஐ-லீக் ஆனது. 2014இல் நகரங்கள், மாநிலங்களின் பெயரில் புதிய அணிகளை உருவாக்கி இந்தியன் சுப்பர் லீக் பிறந்தது. சுப்பர் லீக்குக்கு வென்று போகும் வழி அப்போது இல்லை. கட்டணம் செலுத்தி இடம் வாங்க வேண்டும். ஐ-லீக்கிலும் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறும் வழியோடு, நிறுவனங்கள் விண்ணப்பித்து நேரடியாக நுழையும் வழியும் இருந்தது. சென்னை லீக்கில் ஆடிவந்த சென்னை சிற்றி 2016 இறுதியில் இந்த இரண்டாம் வழியால் ஐ-லீக்குக்குள் வந்தது. மினேர்வா பஞ்சாப் அணியும் அதனுடன் சேர்ந்து நுழைந்தது.

முதல் இரண்டு பருவங்களும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே கழிந்தன. மூன்றாம் பருவத்தில், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்ட அணியைச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவித்தார். பெத்ரோ மன்சி, நெஸ்தர் கோர்டியோ, சான்ட்ரோ ரொட்ரிகஸ், ரொபேர்ட்டோ எஸ்லாவா என ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்கள் வந்தார்கள். அவர்களோடு நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்ஸ்போல் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் ஆடினார்கள். பந்தைத் தரையோடு வைத்துக் குறுகிய பாஸ்களால் முன்னேறும் ஆட்டம் அவர்களுடையது. மன்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார்.

2019 மார்ச் 9ஆம் திகதி கடைசிப் போட்டி. சென்னை சிற்றி மினேர்வா பஞ்சாப்பை வென்றாக வேண்டும். அதே நேரத்தில் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடியது. இடைவேளையில் சென்னை சிற்றி 0–1 எனப் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் மன்சி தண்ட உதையில் ஒன்றும், தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டும் அடிக்க 3–1 என முடிந்தது. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனால் அதற்கு 42 புள்ளிகள், சென்னை சிற்றிக்கு 43. தமிழ்நாட்டுக் கழகமொன்று தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் தடவை. கோல்கத்தாவும் கோவாவும் நெடுங்காலம் ஆண்ட மைதானத்தில், மூன்றே பருவங்கள் ஆடிய அணி செய்த சாதனை அது. அதற்குக் கிடைத்த கௌரவம் போதாது என்றே சொல்ல வேண்டும்.

ஏனெனில் வென்ற அணிக்கு ஏணியில் அடுத்த படி இல்லை. ஐ-லீக்கை வென்றாலும் சுப்பர் லீக்கில் இடம் கிடையாது. 2019 ஒக்டோபரில் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் ஒப்புக்கொண்ட திட்டம், 2022–23 பருவத்திலிருந்தே ஐ-லீக் வெற்றியாளருக்கு நுழைவுக் கட்டணமின்றி ஏற்றம் தரவேண்டும் என்றது. சென்னை சிற்றிக்கு அது பிந்தி வந்த சேதி. ஆசியச் சம்பியன்ஸ் லீக்கின் ஆரம்பச் சுற்றில் ஆட அதற்குத் தகுதி கிடைத்தது. ஆனால் 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் றிபா அணியுடனான தாயகப் போட்டி கோயம்புத்தூரில் நடக்கவில்லை; அஹமதாபாத்தில் நடந்தது. தமிழ்நாட்டின் சம்பியன் தன் ஊர் மக்கள் முன்னால் ஆசியப் போட்டி ஆட முடியாமல் 0–1 எனத் தோற்று வெளியேறியது.

இதற்கிடையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கோர்டியோ ஹைதராபாத்துக்கும், எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும், மன்சி ஜப்பானுக்கும் போனார்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் 2019இல் 26 வீதப் பங்கு எடுத்து இளையோர் பயிற்சியில் துணை நிற்பதாக இணைந்திருந்தது. பிறகு பெருந்தொற்று வந்தது. 2019–20 பருவம் பாதியில் நின்றது. அடுத்த பருவம் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே ஆடப்பட்டது. 2021–22 ஐ-லீக்கில் சென்னை சிற்றி இல்லை. பட்டம் வென்று மூன்றாண்டுகள்கூட நிறையவில்லை. திறமையான பயிற்றுவிப்பாளரும் நான்கைந்து நல்ல வீரர்களும் ஓர் அணியை உச்சிக்குக் கொண்டுபோக முடியும் என்பதை இக்கதை காட்டுகிறது. அவர்கள் போன பின்னும் அணி நிற்க வேண்டுமானால் சொந்த மைதானமும், இளையோர் அணிகளும், நிலையான வருமானமும் வேண்டும் என்பதையும் அதுவே காட்டுகிறது.

திறக்கப்பட்ட வாசலால் முதலில் உள்ளே போனது 2022–23இல் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப். அடுத்த ஆண்டு கோல்கத்தாவின் பழம்பெரும் மொஹமடன் ஸ்போர்ட்டிங். ஆனால் வெற்றியோடு உரிமச் சான்றும் தேவை. ஆசியச் சம்மேளனத்தின் கழக உரிம விதிகள் ஐந்து பக்கங்களைப் பார்க்கின்றன: இளையோர் பயிற்சி உள்ளிட்ட விளையாட்டுப் பக்கம், மைதான வசதி, ஆளணி, சட்ட நிலை, நிதி. இவற்றில் தவறினால் களத்தில் பெற்ற புள்ளிகள் காப்பாற்றாது. ஆக, வென்று ஏறும் முறையும் முடிவெடுத்து ஏறும் முறையும் இப்போது ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன.

இலங்கையில் 2021இல் சுப்பர் லீக் தொடங்கப்பட்டபோது பத்துக் கழகங்கள் அதில் இடம்பெற்றன. முப்படைகளின் அணிகளும் கொழும்பு, களுத்துறைக் கழகங்களும் இருந்த அந்தப் பட்டியலில் மலையகத்திலிருந்து நாவலப்பிட்டியின் அப் கண்ட்ரி லயன்ஸ் இருந்தது. களுத்துறையின் புளூ ஸ்டார் சம்பியனானது. 2022 ஏப்ரலில் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் அது நேபாளத்தின் மச்சிந்திராவை 2–1 என வென்றது. அடுத்த சுற்றில் கோல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. இரு நாட்டு உச்சப் பிரிவுகளின் இடைவெளியை அந்த ஐந்து கோல்கள் சொல்லிவிட்டன. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. தடை ஓகஸ்டில்தான் நீங்கியது. மேலே இருக்கும் பிரிவே இப்படித் தடுமாறினால், கீழே உள்ள மாவட்டக் கழகம் எதை நோக்கி ஏறுவது என்ற கேள்வி எழுவது இயல்பு.

மாத்தளை மாவட்டத்தின் உக்குவளை போன்ற சிற்றூரிலிருந்து பார்த்தால் கணக்கு இன்னும் நேரடியானது. கண்டி–மாத்தளைப் புகையிரதப் பாதையில் உள்ள இந்த ஊரிலிருந்து கொழும்பு மைதானங்களுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போவதென்றால் அதைப் போல இரு மடங்கு. மாவட்ட லீக்கில் ஆடும்போது மாலையில் வேலை முடித்து வந்து ஆடிவிட்டு இரவில் வீடு திரும்பலாம். தேசியப் பிரிவில் ஒவ்வொரு வெளியூர்ப் போட்டியும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள். கடையிலோ தோட்டத்திலோ நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞருக்கு அந்த நாட்களின் வருமானத்தை யார் ஈடுசெய்வது? படையணிகளில் ஆடுபவர்களுக்கு மாதச் சம்பளமும் பயிற்சி நேரமும் இருக்கின்றன. ஊர்க் கழகத்துக்கு ஓர் அனுசரணையாளரும் ஊரவர் நன்கொடையும்தான். உரிம விதிகள் கேட்கும் வேலியிட்ட மைதானம், உடைமாற்றும் அறை, தகுதி பெற்ற பயிற்றுவிப்பாளர், கணக்காய்வு செய்த வரவு செலவு ஆகியவை வீரர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் தாமாக வருவதில்லை. இவை பிரதேச சபையும், மாகாண சபையும், சம்மேளனமும் சேர்ந்து தரவேண்டியவை. மலையக இளைஞர்களிடம் கால்திறமைக்குக் குறைவில்லை; அவர்களைத் தாங்கும் படிகள் கட்டப்படவில்லை என்பதே குறை.

இங்கே பாடசாலைகளுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் செய்வதை இலங்கையில் நெடுங்காலமாகப் பாடசாலைகளே செய்துவந்திருக்கின்றன. 1981 ஜூலையில் இலங்கைக் கிரிக்கெட் அணிக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தபோது, 1982 பெப்ரவரியில் முதல் டெஸ்டில் ஆடியவர்களில் 18 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவர் இருந்தார். அவர் அர்ஜுன ரணதுங்க. உலகக் கிரிக்கெட்டின் மேற்பிரிவுக்கு ஒரு நாடு ஏறியபோது அதைத் தாங்கியது நூறாண்டுக்கு மேற்பட்ட பாடசாலைக் கிரிக்கெட்டின் அடித்தளம். உதைபந்தாட்டத்துக்கு அத்தகைய அடித்தளம் யாழ்ப்பாணத்திலும், மன்னாரிலும், கொழும்பின் சில பாடசாலைகளிலும் இருக்கிறது. மாத்தளையிலும் கண்டியிலும் அதை வலுப்படுத்துவது, எந்தக் கழகத்தையும் மேலே அனுப்புவதற்கு முன் நடக்க வேண்டிய வேலை.

ஏறிய பிறகு தாங்க முடியாவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் இதற்கு இரண்டு விடைகளைத் தருகிறது. அங்குள்ள இரு பல்கலைக்கழகங்கள் 1996இல் ஒரே ஆண்டில், ஒரே கூட்டமைப்பில் மேற்பிரிவுக்கு ஏறின. மாநிலத் தலைநகரிலுள்ள பொய்சி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வளரும் நகரமும் வணிகரின் ஆதரவும் இருந்தன. 2007 ஜனவரி 1ஆம் திகதி அது ஒக்லஹோமாவை 43–42 என வென்று நாடெங்கும் பேசப்பட்டது. மொஸ்கோ என்ற சிற்றூரிலுள்ள ஐடஹோ பல்கலைக்கழகமோ கீழ்ப்பிரிவில் பெயர்பெற்ற அணியாக இருந்து மேலே போனது. அதன் கூரையிட்ட அரங்கில் 16,000 பேர்தான் அமரலாம். மேற்பிரிவில் சராசரிப் பார்வையாளர் 15,000 இருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. கூட்டமைப்பு மாறி மாறித் தொலைதூரப் பயணங்களில் பணம் கரைந்தது. 2013இல் 12 போட்டிகளில் ஒன்றை மட்டுமே வென்றது. கடைசியாக இருந்த கூட்டமைப்பும் 2017 பருவத்துக்குப் பின் இடமில்லை என்றது.

2016 ஏப்ரலில் ஐடஹோ பல்கலைக்கழகத்தின் தலைவர் சக் ஸ்டேபன் பழைய பிரிவுக்கே திரும்புவதாக அறிவித்தார். 1978இல் பிரிவுகள் அமைந்த பின் தானாக முன்வந்து மேற்பிரிவிலிருந்து கீழே வந்த முதல் அணி அது. பழைய மாணவர்கள் பலர் கோபப்பட்டார்கள். அந்த அறிவிப்புக்குப் பின் வந்த பருவத்திலேயே அணி ஒரு பௌல் போட்டியில் கொலராடோ மாநில அணியை 61–50 என வென்றது. அப்போதும் முடிவு மாறவில்லை. 2018இல் ஐடஹோ தன் மாநிலத்துக்கு அருகிலுள்ள பழைய எதிராளிகளிடம் திரும்பியது. முதல் சில பருவங்கள் சிரமமாகவே போயின. பிறகு 2022, 2023, 2024 என மூன்று பருவங்கள் தொடர்ந்து கீழ்ப்பிரிவின் தேசியச் சம்பியன்ஷிப் தொடருக்கு அது தகுதி பெற்றது.